வாசகர் கேள்வி–பதில்: வீதியில் கேட்கும் நாயனம், பதிவில் கேட்கும் நாயனம்

கேள்வி: எங்கள் ஊர் சுவாமி புறப்பாட்டு நாயனத்தைப் போனில் பதிவு செய்தேன். தவிலில் பலத்த அடி விழும்போதெல்லாம் நாயனம் அமுங்கி, மெல்ல மேலே வருகிறது. சி.டி.யில் இரண்டும் தெளிவாக இருக்கின்றனவே?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தவில்காரரைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு போனில். பேச்சைப் பதிவதற்கென்றே அமைந்த கருவி அது. சத்தம் கூடினால் தானே மைக்கின் அளவைக் குறைக்கும், அடங்கினால் கூட்டும். தவில் அடிக்காகக் குறைக்கும்போது நாயனமும் சேர்ந்து இறங்குகிறது; பழைய அளவுக்குத் திரும்பச் சற்று நேரமாகும். ஸ்டூடியோவில் தவிலின் இரு முகங்களான வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, நாயனத்துக்குத் தனியாக ஒன்று என்று மைக் வைத்து, அளவைப் பிறகு நிதானமாகச் சரிசெய்கிறார்கள்.

இந்தத் தானியங்கி வசதியை நிறுத்திவைக்க முடிகிற பதிவுச் செயலியாகப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். அதில் வைக்க வேண்டியது: வேவ் (WAV) கோப்பு வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 24 பிட். புறப்பாட்டுக்கான மல்லாரி உருப்படிக்கு முன் தவிலில் அலாரிப்பு என்ற தொடக்கம் வாசிப்பார்களே, அப்போதே அளவை வைத்துவிடுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரத்ததை முழுதாக மீட்க வழியில்லை.

நிற்கும் இடம் இன்னும் முக்கியம். நாலைந்து மீட்டர் தள்ளி, தவிலைவிட நாயனம் பக்கத்தில் இருக்கும்படி நில்லுங்கள். அணசுக்கு (நாயனத்தின் விரிந்த வாய்ப்பகுதி) நேர் எதிரே போனை நீட்டினால் கீச்சென்ற கூர்மைதான் மிஞ்சும். நாயனத்தின் ஒலி அணசு வழியாக மட்டுமல்ல, திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. ஆகவே குழலின் நடுப்பகுதியை நோக்கிப் பக்கவாட்டில் பிடியுங்கள். தனி மைக் இருந்தால் காற்றுக்குப் பஞ்சுறை போடுங்கள். சுவாமிக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி வருமானால் முன்னே நடப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: திருவையாறு ஆராதனையில் பின்னால் உட்கார்ந்தால் பஞ்சரத்னம் முன்னுக்குப் பின்னாகக் கேட்கிறது. டி.வி.யில் அப்படி இல்லையே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் பின்னால் இருந்தால் பத்தில் ஒரு விநாடி தாமதம். பக்கத்து ஸ்பீக்கர் முந்திக்கொள்ள, பாடுபவர்களின் நேர்க்குரல் பின்னால் வந்து மோதுகிறது. டி.வி.க்குப் போவது பாடுபவர்கள் அருகிலுள்ள மைக்குகளின் ஒலி. கூடப் பாடுவதானால் முன்வரிசையினர் தாளம் போடும் கையைப் பாருங்கள். தியாகராஜரின் அந்தப் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்துமே ஆதி தாளம். கண்ணுக்குத் தாமதம் கிடையாது.

கேள்வி: நாயனம் பழகுகிறேன். பழைய இசைத்தட்டைக் கேட்டுப் பழகுவதா, கோயில் வாசிப்பையா?
– மாணவர், திருவாரூர்

பதில்: ராகத்தின் முத்திரையான பிடிகளுக்கும், வேகமாக உருளும் பிருகாக்களுக்கும் தட்டு. திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரே சங்கதியைப் பிடிக்கலாம். ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்த நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் அதற்குள்தான் அடங்க வேண்டியிருந்தது. ராகத்தை எங்கே வளர்ப்பது, எங்கே மூச்சு விட்டு நிறுத்துவது என்பதெல்லாம் இரவுப் புறப்பாட்டில் கூடவே நடந்து கேட்டால்தான் பிடிபடும். இன்றைய ஸ்டூடியோ பதிவுகளை அளவுகோலாக வைத்து மனம் தளர வேண்டாம். தவறிய இடத்தை வெட்டி ஒட்டும் வசதி அங்கே உண்டு.

தட்டோடு சேர்ந்து வாசிக்கும் முன் அதன் ஆதார சட்ஜத்தை (அடிப்படை ‘ஸ’) சுருதிப்பெட்டியோடு ஒப்பிடுங்கள். கணினிக்கு மாற்றும்போது சுழலும் வேகம் பிசகியிருந்தால் சுருதியோடு காலப்பிரமாணமும் (வாசிப்பின் வேகம்) மாறியிருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் செயலியில் சுருதியை மட்டும் ஏற்றி இறக்காமல், வேகத்தையே மாற்றிச் சரிசெய்யுங்கள்.