காலுக்கு ஒரு ஸ்டூல், கைக்கு ஒரு போத்தல்

முழங்காவிலில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: “ஆகஸ்ட் விடுமுறைக்கு ஜேர்மனியில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போகிறோம். ஆறு வயது மகனுக்குக் குந்துகிற மலசலகூடம்தான் பழக்கம். கொழும்புக்குப் போனபோது கொமேட்டில் இருக்க மாட்டேன் என்று இரண்டு நாள் அடக்கி, வயிறு ஊதிப்போனது. அங்கே என்ன செய்வேன்?”

அன்புத் தங்கைக்கு,

பிள்ளை அடம்பிடிக்கிறான் என்று நினையாதீர்கள். உயரமான கொமேட்டில் இருத்தினால் கால் அந்தரத்தில் தொங்கும். உள்ளே விழுந்துவிடுவேனோ என்று இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடிப்பான். அப்படி இருந்தால் பெரியவருக்கே போகாது. காலுக்குக் கீழே சின்ன ஸ்டூல் ஒன்றை வையுங்கள். முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயர்ந்து, குந்தினமாதிரியே வந்துவிடும். கொமேட் உள்ள சொந்தக்காரர் வீட்டில் இப்போதே பழக்குங்கள். சாப்பிட்ட கையோடு ஐந்து நிமிடம் இருக்கட்டும், போகாவிட்டால் ஏசாதீர்கள்.

விமானத்தில் கழிவைக் காற்று உறிஞ்சி இழுக்கும், பெருஞ்சத்தம் கேட்கும். பிள்ளையை வெளியே விட்டபிறகு பொத்தானை அமத்துங்கள். விமான நிலையங்களில் தானாகவே தண்ணீர் பாயும் கொமேட்டுகள் உண்டு. சின்ன உடம்பென்றால் சென்சர் சிலவேளை ஏமாந்து, இருக்கும்போதே பாய்ச்சிவிடும். என் மகள் நாலு வயதில் இப்படிப் பயந்து, ஒரு கிழமை என்னைக் கதவுக்கு வெளியே நிற்க விடவில்லை. அவன் எழும்பும் வரை சென்சரை உங்கள் கையால் மறையுங்கள்.

கழுவுகிற விஷயம்தான் எங்கட ஆட்களுக்குப் பெரிய கவலை. அங்கே அநேக வீடுகளில் பேப்பர் மட்டும்தான். வெறும் போத்தல் ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோய், தேவையானபோது நிரப்புங்கள். ஆனால் எங்கள் வீட்டைப்போல வாளியால் ஊற்ற வேண்டாம். பல குளியலறைகளின் தரையில் தண்ணீர் வழிந்தோட ஓட்டையே இல்லை. மாடி வீடென்றால் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஊறும். கொமேட்டில் இருந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப் பழக்குங்கள். பேப்பரை உள்ளே போடலாம், ஈரத்துடைப்பான் கூடைக்குள்தான்.

நெடுஞ்சாலைத் தரிப்பிடங்கள் பலவற்றில் மலசலகூடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், ஒரு யூரோ அளவில். சில்லறை வைத்திருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இலவசம்.

மூன்று நாள் தாண்டியும் போகாமல் வயிறு நொந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். விசாவுக்கு எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியின் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

அண்ணாவுக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். நீங்கள் போய் இறங்கும்போது அந்த ஸ்டூல் அங்கே இருக்க வேண்டும்.