வாசகர் கேள்வி – பதில்: ஓர் அடிக்கு ஓர் அங்குலமாக அப்பத்தா அடுப்படி

கேள்வி: எங்கள் அப்பத்தா வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அதன் அடுப்படியை, அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சிற்றுருவாகச் செய்து வருகிறேன். அம்மி, மண் அடுப்பு, துணிக்கொடி எல்லாம் சரியாக அமைந்தும் சொப்புச் சாமான் கடை போலத்தான் தெரிகிறது. அப்பத்தாவின் சுங்குடிச் சேலையில் ஒரு துண்டை வெட்டிக் கொடியில் போட்டால் உயிர் வருமா?
– வாசகி, மேலூர்

பதில்: சேலையை வெட்டாதீர்கள். பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிய அறையில், சேலையின் கடுகளவுப் புள்ளி நெல்லிக்காய் அளவுக்குத் தெரியும். நைந்த மல் துணிக்குச் சாயமேற்றி, ஊசி முனையால் வெள்ளைப் புள்ளி வைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து ஈரத்தோடு கொடியில் போட்டுச் சாமணத்தால் மடிப்பெடுங்கள். இல்லாவிட்டால் சிறு துணி கனமின்றி விறைத்து நிற்கும்.

கடை போலத் தெரிவதற்குக் காரணம், எல்லாமே நேற்று வாங்கியவை போல இருப்பதுதான். அம்மியின் நடுவில் அரைத்து அரைத்து விழுந்த பள்ளமும், குழவியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிய மஞ்சள் கறையும் வேண்டும். கரித்தூளை உலர்ந்த தூரிகையால் தொட்டு, அடுப்புக்கு நேர்மேலே சுவரில் அடர்த்தியாகவும் போகப்போக மெலிந்தும் தேயுங்கள். பானைகளைக் களிமண்ணில் செய்வதானால், காயும்போது சுருங்கும் என்பதால் ஒரு சுற்றுப் பெரிதாகவே பிடியுங்கள். மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்களிடம் கேட்டால் மண்ணின் பக்குவத்தைச் சொல்லித் தருவார்கள்.

அமெரிக்காவின் சிகாகோ கலைக்கூடத்தில் நர்சிசா தார்ன் என்ற பெண்மணி உருவாக்கிய 68 சிற்றறைகள் உள்ளன. பெரும்பாலானவை உங்கள் அளவிலேயே அமைந்தவை. அவற்றில் ஆள் உருவங்களைத் தவிர்த்து, கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி போன்ற பொருள்களாலேயே அங்கே யாரோ இருப்பதை அவர் உணர்த்தினார். அப்பத்தா பாதியில் விட்டு எழுந்த வேலை எது? அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று: உங்கள் பட்டியலில் நீங்கள் இல்லை. அந்த அடுப்படியை நினைவில் வைத்திருப்பது மூன்றரை அடி உயரச் சிறுமி என்றால், தரையிலிருந்து மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கீழே பார்வைத் துளை போட்டு, கூரையை மூடிவிடுங்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அது வீட்டு மாதிரி. துளை வழியே பார்ப்பவருக்கே அது உங்கள் அடுப்படி. அந்தச் சிறுமிக்குப் பிரம்மாண்டமாகத் தெரிந்த பொருள் ஏதேனும் இருந்தால், அளவை மீறிச் சற்றுப் பெரிதாகவே செய்யலாம். ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும், இரண்டானால் கணக்குப் பிசகியதாகவே பார்ப்பவர் நினைப்பார். உள்ளே மஞ்சள் நிற எல்இடி விளக்கு வைப்பதாக இருந்தால், பேட்டரி மாற்றப் பின்சுவரில் இப்போதே ஒரு கதவு விட்டுவிடுங்கள்.