நெல் வயலின் மீத்தேனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மன்னார்குடிப் பகுதியில் 3 ஏக்கரில் குறுவையும் தாளடியும் சாகுபடி செய்கிறேன். வயலில் நீர் கட்டுவதால் புவியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு வெளியேறுகிறது என்றும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் கார்பன் கிரெடிட்டுக்கு (குறைத்த வாயுவின் அளவுக்கு ஈடாக விற்கத்தக்க சான்று) பணம் தருவதாகவும் கூறி ஒரு நிறுவனத்தார் ஒப்பந்தம் நீட்டுகிறார்கள். நிலக்கரியை எரித்தவர்கள் இருக்க, உழவன் மாற வேண்டும் என்பது நியாயமா?

பதில்: தாங்கள் கேட்பது சரியான கேள்வி. நிலக்கரி, எண்ணெய் எரிப்பால் இதுவரை வெளியேறிய கரியமில வாயுவில் பாதிக்கு மேற்பட்டது தொழில்வள நாடுகளுடையது. 1992-ஆம் ஆண்டின் ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையும் பொறுப்பு அனைவருக்கும் பொதுவெனினும் அதன் அளவு வேறுபடும் என்றே ஏற்றது. சோற்றுக்காக எழும் மீத்தேனையும் சொகுசுக்காக எழும் புகையையும் சமமாக வைத்து எண்ணலாகாது என்று இந்தியச் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இலேயே வாதிட்டனர். என் கருத்தும் அதுவே.

ஆயினும் குறுவைக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர்விடும் முறையைப் பரிந்துரைக்கிறேன். உலகுக்காக அன்று, தங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்காக. நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாததால் பெருகும் நுண்ணுயிர்களே மீத்தேனை உண்டாக்குகின்றன. இடையிடையே மண் காய்ந்தால் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைவதுடன் பாசன நீரும் மிச்சமாகும். நட்ட முதல் இரு வாரங்கள் நீர் கட்டி, பின்னர் துளையிட்ட 30 செ.மீ. குழாயை வயலில் பதித்து, அதனுள் தெரியும் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடாதீர்கள். யூரியாவைப் பாய்ச்சலுக்குச் சற்று முன் இடுங்கள். இல்லையேல் புவியைச் சூடேற்றும் மற்றொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு மிகும். (உவர் ஏறும் கடைமடை நிலங்களுக்கு இம்முறை ஆகாது.)

ஒப்பந்தம் வேறு விஷயம். கிரெடிட்டை வாங்குபவர் பெரும்பாலும் தம் ஆலைப் புகையைக் குறைக்காமலே கணக்கை நேர்செய்து கொள்ளத்தான் வாங்குகிறார். மீத்தேன் 12 ஆண்டுகளளவில் சிதைந்துவிட, அவர் விடும் கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் நிலைக்கும். அதை அறிந்தும் விற்பது பிழையென்று சிறு உழவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மலிவாக விற்காதீர்கள். எத்தனை ஆண்டுக் கட்டுப்பாடு, விற்பனைத் தொகையில் தங்கள் பங்கு எவ்வளவு, மகசூல் குறைந்தால் ஈடு யார் தருவர் என்பவற்றைத் தமிழில் எழுதி வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் வயலைக் காயவிடுவது தங்கள் கையில் இல்லையாதலால், தாளடியை ஒப்பந்தத்தில் சேர்க்க இசையாதீர்கள்.