29 விலையில் ஒரே வெனிலா

கேள்வி: மேடம், ஒரகடத்தில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் துணை நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருக்கிறேன். 11 நாடுகளிலும் ஒரே எஸ்.ஏ.பி. (கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் பார்க்கும் சாஃப்ட்வேர்) டெம்ப்ளேட்தான், அதாவது ஒரே அமைப்புதான் என்று தலைமையகம் முடிவு செய்துவிட்டது. எங்களுக்கு ஒத்துவராதவை என்று 140 அயிட்டம் எழுதி அனுப்பினோம். மொத்தத்தையும் நிராகரித்துவிட்டார்கள். இந்த ஊர் நிலைமையை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: 140 என்ற எண்ணைப் பார்த்ததுமே ஃபைலை மூடியிருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இப்போது இருபது வருடமாக ரோல்-அவுட் (தலைமையகத்து சிஸ்டத்தைக் கிளைகளில் கொண்டுவருவது) ஆலோசகராக ஊர் சுற்றுகிறேன். ஆனால் என் முதல் ரோல்-அவுட்டில் நான் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், ஓசூரில் காஸ்ட் அக்கவுண்டன்டாக. எங்கள் பட்டியலில் 93 இருந்தது. முதல் அயிட்டம், பர்ச்சேஸ் ஆர்டர் பிரிண்டில் லோகோ வலது பக்கம் வர வேண்டும் என்பது. ஜாப் ஒர்க், அதாவது சரக்கை வெளியே அனுப்பி வேலை செய்து வாங்குவது, 61-வது இடத்தில் இருந்தது. தலைமையகத்திலிருந்து வந்த அம்மா மூன்று அயிட்டம் படித்தார், லேப்டாப்பை மூடினார், காபி கிடைக்குமா என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதைச் செய்யாமல் விட்டால் யார் வந்து கேட்பார்கள்? அரசாங்க ஆபீசரா, நம்ம எம்.டி.யா? ஆபீசர் கேட்பார் என்றால் அது சட்டம். எம்.டி. கேட்பார் என்றால் அது பழக்கம். 93-இல் சட்டம் 17 தேறியது. மறுநாள் அந்தப் பதினேழையும் அந்த அம்மா மறுக்கவில்லை.

உங்கள் ஜாப் ஒர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முலாம் பூச வெளியே அனுப்பும் சரக்கு டெலிவரி சலானில் போக வேண்டும், ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாக ஜி.எஸ்.டி. சட்டம் எடுத்துக்கொள்ளும். வரியோடு வட்டியும் சேரும். வெளியே வேலைக்கு அனுப்பும் வசதி ஜெர்மன் டெம்ப்ளேட்டிலும் இருக்கும். சலானுக்குச் சலான் ஓடும் அந்த ஒரு வருடக் கடிகாரம்தான் இருக்காது. இ-இன்வாய்ஸும் அப்படித்தான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கம்பெனி இன்னொரு கம்பெனிக்குப் போடும் பில், அரசாங்கப் போர்ட்டலில் நம்பர் வாங்காமல் செல்லாது. "பில் போடுவது நாம்தானே, இதில் அரசாங்கம் எங்கே வந்தது?" என்று தலைமையகம் கேட்டால், இத்தாலியைக் காட்டுங்கள். அங்கே 2019 ஜனவரியிலிருந்து பில் அரசாங்கத்தின் தளம் வழியாகத்தான் போகிறது. உங்கள் 11 நாட்டில் இத்தாலி இருந்தால் பாதி வேலை முடிந்தது, அந்த ஊர் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அப்புறம், கணக்கில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு, கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருப்பது, இரண்டும் கம்பெனிச் சட்டத்து விதிகள். சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால் இதை முதல் வாரமே பேசிவிடுங்கள், கடைசி வாரம் வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் பிரிவு எண், விதி, மீறினால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். லோகோவை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் எக்ஸெல் அனுப்பினால் போதாதா? இவ்வளவு செலவு எதற்கு? – எம்.பி.ஏ. மாணவர், கோவை

பதில்: லாப நஷ்டம் பார்க்க மட்டும் என்றால் எக்ஸெல் போதும். சரக்கு வாங்க ஆரம்பித்தால்தான் தெரியும். அமெரிக்காவில் நெஸ்லே 1990-களில் தன் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே சப்ளையரிடம் ஒரே வெனிலாவை 29 விதமான விலையில் வாங்கிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. சப்ளையர் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனித்தனியாகப் பேரம் பேசி, ஆளுக்கொரு கோடு நம்பர் கொடுத்து வைத்திருந்தது. அதனால் எல்லாம் ஒரே பொருள் என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. பிறகு 2000-இல் நெஸ்லே உலகம் முழுவதற்கும் 'குளோப்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரே சிஸ்டம் என்பதோடு, பொருளுக்கும் சப்ளையருக்கும் ஒரே பெயர், ஒரே எண் என்பதையும் இலக்காக வைத்தது. என்னைக் கேட்டால் உயிர் அதில்தான் இருக்கிறது. ஸ்கிரீன் கொஞ்சம் மாறினால் குடி முழுகாது, மெட்டீரியல் கோடு மாறினால் முழுகும்.

செலவு பற்றிய உங்கள் பயமும் பொய்யில்லை. ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட் கம்பெனி லிட்ல் 2011-இல் எஸ்.ஏ.பி. திட்டத்தை ஆரம்பித்து, 2018-இல் கைவிட்டது. ஏறக்குறைய 50 கோடி யூரோ போனதாக ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிட்லின் பழக்கம். சாஃப்ட்வேரின் வழக்கமோ விற்பனை விலை. பழக்கத்தை விடாமல் சாஃப்ட்வேரை வெட்டி ஒட்டியதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அங்கே வளைந்துகொடுக்காதது ஏதோ தூர தேசத்துக் கிளை இல்லை, தலைமையகமேதான். ஒரகடம் வாசகர் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோ-லைவ் (புது சிஸ்டம் ஓடத் தொடங்கும் நாள்) ஜனவரி 1 என்கிறது ஜெர்மன் தலைமையகம், ஏப்ரல் 1 என்கிறார் எங்கள் சி.எஃப்.ஓ. எது சரி? – வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இரண்டும் வேண்டாம். டிசம்பர் கடைசியில் ஜெர்மனியில் போன் எடுக்க ஆள் இருக்காது. ஏப்ரலில் உங்கள் ஆபீஸில் யாருக்கும் தூக்கம் இருக்காது. கணக்காண்டு ஏப்ரல்–மார்ச்சாகவே இருக்கட்டும், சிஸ்டத்தில் அதைத் தனியாக அமைக்கலாம். என் ஓட்டு ஜூலை 1-க்கு. டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) காலாண்டு முடிந்திருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முந்தைய மூன்று மாதத்தில் ஒவ்வொரு சப்ளையரிடமும் வாங்கிய மொத்தத்தையும் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோங்கள். பெரிய கம்பெனி ஒரே சப்ளையரிடம் வருடத்துக்கு 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கினால், மேலே போகும் தொகைக்கு 0.1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமே! சிஸ்டம் ஜூலையில் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், சில சப்ளையர்களிடம் பிடித்தமே நடக்காமல் வருடம் ஓடிவிடும்.

கேள்வி: கோ-லைவ் ஆகி இரண்டு மாதம் ஆகிறது. ஸ்டோர்ஸ் ஆட்கள் இன்னும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். எப்படி நிறுத்துவது? – வாசகர், சென்னை

பதில்: பிடுங்காதீர்கள். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஓசூரில் எங்கள் ஸ்டோர்கீப்பர் அண்ணன் சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை மேஜை டிராயரில் வைத்திருந்தார். ஸ்டீல் சுருள் (காயில்) வந்தால் சலானில் உள்ள எடை ஒரு பத்தியில், எடைமேடை காட்டியது அடுத்த பத்தியில். சலான் 8,140 கிலோ என்னும், எடைமேடை 8,095 என்னும். "சிஸ்டத்துல ஒரு எடதாம்மா கேக்குது, மீதி 45 கிலோவுக்கு நாளைக்கு என்னையத்தான கேப்பீங்க?" என்றார். டிரெயினிங் கொடுத்தவள் நான்தான், என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி ஸ்கிரீனைத் திறந்து பார்த்தேன். சரக்கு வரவு போடும் அதே இடத்தில், சலான் அளவுக்கென்று தனிக் கட்டம் டெம்ப்ளேட்டிலேயே இருந்தது. நான் அதைச் சொல்லித்தரவே இல்லை. மறுநாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று லாரிக்கு அவரையே இரண்டு எடையும் போட வைத்தேன். நோட்டு இன்னும் டிராயரில்தான் இருந்தது. அதில் அவர் அப்புறம் எழுதியது ஸ்டோர்ஸ் டீக்கணக்கு.