ஒரே ஆயத்தொலைவு, இரண்டு மூளைப் பகுதிகள்: எதை நம்புவது?

கேள்வி: 1990களின் இறுதியில் வெளியான கட்டுரை ஒன்று, x அச்சில் −42 என்று தொடங்கும் ஒரு புள்ளியைத் தலைராக் ஆயத்தொலைவாக, அதாவது தலைராக் மூளை அட்லஸின்படி ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களாகத் தருகிறது. அதை என் எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும் முறை) முடிவுகளோடு ஒப்பிட்டால், ஒரு மென்பொருள் ஒரு பகுதியையும் மற்றொன்று வேறொரு பகுதியையும் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே தத்தம் கணக்கில் சரியாக இருக்கலாம். எந்த மூளையின்மேல் அளந்தது என்று தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

தலைராக்கும் தூர்னூவும் 1988இல் வெளியிட்ட அட்லஸ், இறந்துபோன ஒரே ஒருவரின் மூளையைக் கொண்டு வரையப்பட்டது. அதிலுள்ள பிராட்மன் பகுதிகளும் (திசு அமைப்பைக் கொண்டு எண்ணிட்டுப் பிரித்த மூளைப் பகுதிகள்) அந்த மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து குறித்தவை அல்ல, மேற்பரப்பைப் பார்த்து மதிப்பிட்டவை. பலரும் இதை அறியாமலேயே அந்தப் பெயர்களை மேற்கோள் காட்டுகிறார்கள். இன்னொரு பொது அளவுகோலான எம்என்ஐ152 டெம்ப்ளேட்டோ (ஒப்பிடுவதற்கான மாதிரி மூளை) 152 பேரின் எம்ஆர்ஐ படங்களின் சராசரி. அது தலைராக் மூளையைவிடப் பெரியது. இரண்டுக்கும் இடையே மூளையின் நடுவில் சிறிதாக இருக்கும் விலகல், ஓரங்களை நெருங்க நெருங்கக் கூடி, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வரை போகும். அடுத்த மடிப்புக்குத் தாவிவிட அது போதும்.

முதலில் குறியைச் சரிபாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் x எதிர்மமாக இருந்தால் இடப்பக்கம். ஏஎஃப்என்ஐ என்ற மென்பொருள் இயல்பாகப் பயன்படுத்தும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான தரநிலை) வரிசையில் அதுவே வலப்பக்கம்.

அடுத்து, அந்தக் கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அக்காலத்தில் எஸ்பிஎம் மென்பொருளால் எம்என்ஐ டெம்ப்ளேட்டுக்குப் பொருத்தப்பட்ட முடிவுகளையும் 'தலைராக்' என்றே எழுதியவர்கள் உண்டு; அப்படியானால் ஆயத்தொலைவை எம்என்ஐக்கு மாற்றவே கூடாது, மாற்றினால் பிழையை நீங்களே புகுத்துவீர்கள். உண்மையிலேயே தலைராக் என்றால், லான்காஸ்டர் குழு 2007இல் வெளியிட்ட மாற்றச் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். எஸ்பிஎம், எஃப்எஸ்எல் ஆகிய மென்பொருள்களுக்கு அதில் தனித்தனி வடிவங்கள் உள்ளன.

உங்கள் கட்டுரையில் 'எம்என்ஐ' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எஃப்எஸ்எல் தருவது ஆறாம் தலைமுறை டெம்ப்ளேட்; எஃப்எம்ஆர்ஐபிரெப் மென்பொருள் இயல்பாகப் பயன்படுத்துவது 2009சி பதிப்பு. மூளைப் படத் தரவுகளை ஒழுங்குபடுத்த 2016இல் அறிமுகமான பிட்ஸ் தரநிலை, டெம்ப்ளேட்டின் பெயரைக் கோப்பின் பெயரிலேயே 'ஸ்பேஸ்' என்ற குறியுடன் சேர்க்க இடம் தருகிறது; அதைத் தவறாமல் நிரப்புங்கள். முடிந்தால், உச்சப் புள்ளிகளின் அட்டவணையோடு நிற்காமல், வரம்பிட்டு வெட்டாத முழுப் புள்ளியியல் படத்தையும் நியூரோவால்ட் களஞ்சியத்தில் பதிவேற்றுங்கள். அதைக் கொண்டு அடுத்த ஆய்வாளர் ஊகமின்றி நேரடியாக ஒப்பிடலாம்.