ஒன்றரைக் கிலோ மால்ட்டில் வீட்டு பியர்: கேள்வி பதில்

பிரிட்டனில் சொந்தத் தேவைக்கு வீட்டில் பியர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி. அதன் இனிப்புச் சாற்றைச் செறிவாக்கியதே மால்ட் எக்ஸ்ட்ராக்ட். கடையில் வாங்கும் அந்த எக்ஸ்ட்ராக்டோடு சிறிதளவு தானியத்தையும் வெந்நீரில் ஊறவைத்துச் சேர்க்கும் 'பார்ஷியல் மாஷ்' முறை குறித்து அங்குள்ள வாசகர்கள் கேட்டவை இவை.

எக்ஸ்ட்ராக்டே போதுமே, தானியம் எதற்கு?

சுவைக்காக. நொறுக்கிய புது மால்ட்டின் மணம் எக்ஸ்ட்ராக்டில் முழுமையாக வருவதில்லை. மாரிஸ் ஆட்டர் பார்லி மால்ட் ஒன்றரைக் கிலோ சேர்த்துப் பாருங்கள், முதல் வாயிலேயே வித்தியாசம் தெரியும்.

ஓட்மீல் ஸ்டவுட் (ஓட்ஸ் சேர்த்த கறுப்பு பியர்) செய்ய ஆசை. ஓட்ஸை வெந்நீரில் ஊறவைத்தால் போதாதா?

போதாது. வெறும் ஓட்ஸை ஊறவைத்தால் கஞ்சிதான் மிஞ்சும். அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் வெளிர் மால்ட்டில்தான் நிறைய இருக்கின்றன. ஓட்ஸ் அரைக் கிலோ என்றால் வெளிர் மால்ட் ஒரு கிலோ சேருங்கள். கிறிஸ்டல் மால்ட்டும் கறுக வறுத்த பார்லியும் வேறு வகை. அவற்றை ஊறவைத்தாலே நிறமும் சுவையும் இறங்கிவிடும்.

வெப்பநிலையைப் பிடித்து வைக்க முடியவில்லை. பாதியிலேயே ஆறிவிடுகிறது.

இந்த முறையில் உண்மையான சிரமமே இதுதான். தானியம் குறைவாக இருப்பதால் பாத்திரம் சீக்கிரம் சூடிழக்கிறது. ஒன்றரைக் கிலோவுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்து 74 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். அறைச் சூட்டில் உள்ள தானியத்தைத் துணிப்பையில் இட்டு அதில் இறக்கினால் கலவை 67 டிகிரியை ஒட்டி நிற்கும். கட்டி தட்டாமல் கிளறி, மூடி, தடித்த போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஐஸ் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. அதே காப்புச் சுவர் சூட்டையும் காக்கும். 65 டிகிரியை ஒட்டினால் பியர் இலேசாக, வறண்ட சுவையோடு வரும். 69 என்றால் வாயில் கனம் கூடும். தெர்மாமீட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பிறகு பையைப் பிழியலாமா?

இலேசாகப் பிழியலாம். அதைவிட, 75 டிகிரி வெந்நீர் நான்கு லிட்டரில் பையைப் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் மிச்சச் சர்க்கரையும் இறங்கிவிடும். தானியத்தைக் கொதிக்க மட்டும் விடாதீர்கள், உமியின் துவர்ப்பு ஏறிவிடும்.

19 லிட்டருக்கு எக்ஸ்ட்ராக்ட் எவ்வளவு?

ஒன்றரைக் கிலோ வெளிர் மால்ட்டிலிருந்து 1.018 வரை ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரையின் அளவைக் காட்டுவது) கிடைக்கும். உலர் எக்ஸ்ட்ராக்ட் 1.4 கிலோ சேர்த்தால் 1.045 அளவுக்கு ஏறும். சாதாரண ஏல் வகை பியருக்கு அது சரியான அளவு. பாதி எக்ஸ்ட்ராக்டை, பையை எடுத்தபின் சாற்றைக் கொதிக்கவைக்கும்போது கடைசியில் சேர்த்தால் நிறம் கறுக்காது. சேர்க்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடிபிடிக்கும்.

ஊருக்குப் போகும்போது சென்னையிலும் செய்து காட்டலாமா?

வேண்டாம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம்.

எப்போது பாட்டிலில் அடைப்பது?

நாள்கணக்கை நம்பாதீர்கள். ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவைக் காட்டட்டும். பிறகு 19 லிட்டருக்கு 110 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துக் கலந்து அடையுங்கள். நொதித்தல் முடியாமல் அடைத்த கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகவே காத்திருங்கள்.