காத்தில இருந்தே புரதம் எடுக்கிறாங்களாமே, இனிக் கோழி வளர்க்கிற ஆக்கள் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதானோ?

"பூட்டிப்போட்டு" எண்டு கேட்டபடியால்தான் எழுத வந்தன், இல்லாட்டிப் பேசாமல் கடந்து போயிருப்பன். தம்பி, நீங்கள் கோழிக்கூட்டுப் பக்கம் போன ஆளில்லை எண்டு விளங்குது, கோவிக்க வேண்டாம், ஏதோ வீடியோ பாத்த சூட்டோட போட்ட கேள்வி உது. நான் யாழ்ப்பாணத்தில, கோப்பாய்ப் பக்கம், முட்டைக் கோழி வளர்க்கிறனான். ஏ.எல்லில பயோ படிச்சதோட சரி, அதனால பிழை பிடிக்க வாற பெரிய ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ.

விசயம் பொய்யில்லை. பின்லாந்தில சோலார் ஃபூட்ஸ் எண்டொரு கொம்பனி கரண்டால தண்ணியைப் பிரிச்சு ஐதரசன் எடுத்து, காபனீரொட்சைட்டும் அமோனியாவும் சேர்த்துக் குடுத்துத் தாங்கியில ஒரு பற்றீரியாவை வளர்க்குது. காயவைச்சால் மஞ்சள் நிறத்தில மா மாதிரி வரும், அதில முக்கால்வாசிக்குக் கிட்டப் புரதம். சிங்கப்பூரில 2022இலயே மனுசர் சாப்பிட அனுமதி குடுத்திட்டினம். ஆனால் 2024இல திறந்த அவையின்ர பக்டரியே வருசத்துக்கு 160 தொன் தான். ஒரு முட்டைக் கோழி நாளுக்கு 110 கிராம் தீனி தின்னும், அதில கால்வாசி சோயா எண்டு வையுங்கோ, நிறைக்கு நிறை பாத்தால் அந்த முழுப் பக்டரியும் சேர்ந்து ஏறக்குறைய 16,000 கோழியின்ர சோயாப் பங்குக்குத்தான் காணும். அவை அதைக் கோழிக்கு விக்கவும் போறதில்லை எண்டது வேற கதை.

சோயா எண்டதும் 2022 ஞாபகம் வருது. டொலர் இல்லை, சோயா வெளியில இருந்து வரவேணும், தீனி மூடை விலை ஏற ஏற ஒரு கட்டத்தில காசைக் குடுத்தாலும் மூடை இல்லை. எனக்கு இருநூறு கோழிக்குக் கிட்ட நிண்டது. தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, இப்பிலிப்பில் இலை, பாசையூரில வாங்கின மீன் கழிவைக் காயவைச்சு இடிச்ச தூள் எண்டு நானே கலந்து போட்டன். வயிறு நிரம்பிச்சு, முட்டை குறைஞ்சுது. விட்ட முட்டையிலயும் மீன் வெடுக்கு, பக்கத்து வீட்டு மாமி பொரிச்சுப்போட்டுச் சட்டியோட கொண்டுவந்து காட்டினவ. பேந்து ஒண்டின்ர செட்டையை மற்றது கொத்திப் பிடுங்கத் தொடங்கிட்டுதுகள், புரதம் காணாட்டி, அதிலயும் மெதியொனீன் எண்ட அமினோ அமிலம் குறைஞ்சால், அதுகள் அப்பிடித்தான் செய்யுங்கள். பாதியை இறைச்சிக்குக் குடுத்தன். இரவில கரண்டும் இல்லாமல் ரோச் லைற்றோட அதுகளைப் பிடிச்சுக் குடுத்த ஆளிட்ட வந்து "பூட்டுறதுதானோ" எண்டால் எப்பிடி இருக்கும்?

அந்த நேரம் நோர்வேயில இருக்கிற தங்கச்சியின்ர மகன் சொல்லித்தான் உந்தப் பற்றீரியாத் தீனியைப் பற்றியே கேள்விப்பட்டன். அங்க 90களிலயே கடல் எண்ணெய்க் கிணத்து வாயுவில, அதாவது மெதேனில, பற்றீரியா வளர்த்து சால்மன் மீனுக்குத் தீனியாக் குடுத்தவையாம். அதுக்கு முதல் இங்கிலாந்தில ஐ.சி.ஐ கொம்பனி பில்லிங்ஹாமில இராட்சதத் தாங்கி கட்டி, வாயுவில இருந்து செய்த மெதனோல் எண்ட அற்ககோலில பற்றீரியா வளர்த்து "புரூட்டீன்" எண்டு கால்நடைத் தீனி வித்தது. பற்றீரியா வளர்ந்தது, தீனியும் நல்ல தீனிதான். சோயா மலிவாக் கிடைச்சதால இழுத்து மூடினவை. ஆர் ஆரைப் பூட்ட வைச்சது எண்டு பாத்தீங்களோ?

நான் எதிர்ப்பு எண்டு நினைச்சுப் பாயவேண்டாம். எனக்கு உது வேணும், ஆனால் கோழித் தொட்டிக்குள்ள வேணும். ஏனெண்டால் வேகமா வளருற பற்றீரியாவில ஆர்.என்.ஏ எண்ட மரபுப்பொருள் கூட, மனுசன் கனக்கச் சாப்பிட்டால் அது யூரிக் அமிலமாகி மூட்டில போய் நிக்கும், அதைக் குறைச்சுப்போட்டோ, இல்லாட்டி அளவாவோதான் மனுசருக்குக் குடுக்கவேணும். கோழி எச்சத்தில வெள்ளையா இருக்கிறதே யூரிக் அமிலம்தான், அதுகளின்ர உடம்பு கழிவை அப்பிடித்தான் தள்ளுறது. பற்றீரியாவைச் சாப்பிடுறது அருவருப்பு எண்டும் எழுதியிருந்தீங்கள், நுண்ணுயிர் புளிக்கவைச்ச தயிரும் கள்ளும் குடிக்கிற சனம் நாங்கள், உதைப் பேசாமல் விடுவம்.

எங்கட பக்கம் செய்யேலுமோ எண்டு கீழ ஒராள் கேட்டிருக்கிறார். ஒரு கிலோ ஐதரசன் எடுக்க 50 யூனிற்றுக்குக் கிட்டக் கரண்ட் வேணும். 2022இல ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு. ஐதரசனையும் ஒட்சிசனையும் ஒரே தாங்கிக்குள்ள விடுற வேலை, வெடிக்காமல் பாக்க ஆள் வேணும், வளவுக்குள்ள கொட்டில் போட்டுச் செய்யிற தொழில் இல்லை.

தீனி விசயத்தை ஒரு கூட்டத்தில கேக்கத்தான் போனனான். கமக்காரருக்கு எண்டு சொல்லித்தான் கூப்பிட்டவை. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, பேந்து அவருக்குப் பொன்னாடை போட்டவருக்கும் பொன்னாடை, கடைசியில "நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் இல்லை", ஒரு றோல்ஸும் ரீயும் தந்து அனுப்பிச்சினம். முட்டைக்கு உச்ச விலை போட்ட காலம் அது, தீனி மூடைக்கு ஏன் போடேல்ல எண்டு கேக்க எழுதிக் கொண்டுபோன துண்டு இப்பவும் பேர்சுக்குள்ள கிடக்கு.

இப்ப திரும்பவும் கோழி நிக்குது, முந்தியளவு இல்லை. சோயா விலைக்கு உந்த மா மூடை இஞ்ச வந்தால் முதல்ல வாங்கிறது நான்தான், ஆனால் முதல் பத்துக் கோழிக்குப் போட்டு முட்டையைப் பாத்திட்டுத்தான் மற்றதுகளுக்குப் போடுவன்.